முன்பக்கம் ‘கட கட’: எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை?

கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பது 11 வயதான மைவி. கொஞ்ச நாளாக மேடு பள்ளத்தில் போகும்போதெல்லாம் முன்பக்கத்தில் ‘கட கட’ என்று சத்தம். பட்டறையில் காட்டியபோது அப்சோர்பர், மவுண்டிங், லோவர் ஆர்ம், போல் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் என்று முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றச் சொல்லிப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் மகனோ, “பொருளை மட்டும் வாங்குவோம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை போர்ச்சிலேயே நான் மாற்றிவிடுகிறேன்” என்கிறாராம். “செலவு மிச்சமாகும் என்பது புரிகிறது. ஆனால் அவன் காருக்கு அடியில் படுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. விடலாமா, கூடாதா?” என்று கேட்கிறார்.

பல வீடுகளில் நடக்கும் பேச்சுதான் இது. ஸ்பேனர் செட் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. எந்தக் காருக்கும் காணொளி இருக்கிறது. பத்து நிமிடக் காணொளியில் அவர் செய்கிற வேலையை நாம் செய்ய முடியாதா என்று இளைஞர்களுக்குத் தோன்றுவது இயல்புதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடலாம். ஆனால் பட்டியலில் உள்ள எல்லா வேலைக்கும் அல்ல. அந்தப் பட்டியலில் மூன்று வகை வேலைகள் கலந்து கிடக்கின்றன. முதல் வகையைப் பொறுமை உள்ள எவரும் வீட்டில் செய்யலாம். இரண்டாவதைப் பழக்கப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்யலாம். மூன்றாவதை, பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வீட்டில் தொடவே கூடாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வாரப் பாடம். வீட்டில் ஸ்பேனரே பிடிக்காதவர்களும் படிக்கலாம். அடுத்த முறை பட்டறையில் பட்டியலை நீட்டும்போது என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

டயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

முன் டயரைக் கழற்றிப் பார்த்தால் நேராக நிற்கும் ஒரு தூண் கண்ணில் படும். கீழே எண்ணெய் நிரம்பிய அப்சோர்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங், உச்சியில் ரப்பரும் பேரிங்கும் சேர்ந்த மவுண்டிங். இந்த அமைப்பை 1940களில் உருவாக்கியவர் ஏர்ல் மக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அவர் பெயராலேயே மக்பெர்சன் ஸ்ட்ரட் என்று இன்றும் அழைக்கிறார்கள். பாகங்கள் குறைவு, இடம் மிச்சம், செலவும் குறைவு என்பதால் சிறிய கார்களுக்கு இது மிகவும் பொருந்திப்போனது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும், 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும், 2005-இல் வந்த மைவியிலும் முன்பக்கம் இதே வகைதான். அப்பா ஓட்டிய சாகாவின் முன்பக்கம் புரிந்தவருக்கு, மகள் ஓட்டும் மைவியும் பெரும்பாலும் புரியும்.

தூணின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற கனமான இரும்போடு இரண்டு போல்ட்டுகளால் இணைந்திருக்கும். நக்கிளின் கீழே லோவர் ஆர்ம். சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் மட்டும் அசைய விடுவது அதன் வேலை. ஆர்ம் காரின் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். நக்கிளோடு சேரும் இடத்தில் நம் தோள்மூட்டு போல எல்லாப் பக்கமும் திரும்பும் போல் ஜாயிண்ட் இருக்கும்.

இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து, குறுக்கே ஒரு வளைந்த கம்பி ஓடும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் அது பார்த்துக்கொள்கிறது. அந்தக் கம்பியின் இரு முனைகளையும் தூணோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெபிலைசர் லிங்க். மொத்த முன்பக்கத்திலும் சின்னப் பொருள் இதுதான். தேய்ந்துபோனால் பெரிய சத்தம் போடுவதும் இதுதான்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்

ஸ்பேனரைத் தொடும் முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வேகத்தடையில் மெதுவாக, இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்படி நேராகப் போங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் மேட்டிலோ குழியிலோ இறங்கும்படி போங்கள். இரண்டும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது. அதனால் லிங்க்குக்கு அவ்வளவாக வேலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் லிங்க் இழுபடும். நேராக ஏறும்போது அமைதியாக இருந்து, கரடுமுரடான சாலையில் மட்டும் ‘கட கட’ என்றால் முதல் சந்தேகம் லிங்க் மீதுதான்.

நேராக ஏறி இறங்கும்போதே ‘டொம்’ என்று கனமாக இடித்தால் அப்சோர்பர், அதன் மவுண்டிங், ஆர்ம் புஷ் இவற்றைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் தெறிப்பது போல ‘டொய்ங்’ என்று கேட்டால் தூணின் உச்சியில் இருக்கும் மவுண்டிங் பேரிங் காரணமாக இருக்கலாம். பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டக்’, கூடவே கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக்கொண்டு கார் நகரும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வந்தால் அது இந்தப் பட்டியலிலேயே இல்லாத டிரைவ் ஷாஃப்ட்டின் சத்தம். இது தெரியாமல் அப்சோர்பரை மாற்றிவிட்டு, “சத்தம் போகவே இல்லையே” என்று புலம்புவோர் உண்டு.

பிறகு கண்ணும் கையும். அப்சோர்பரின் மேல் எண்ணெய் வழிந்து, தூசி பிடித்து ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். காரின் முன் மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கிவிட்டால் நல்லது. தொட்டில் போல ஆடிக்கொண்டே இருந்தால் அப்சோர்பரின் ஆயுள் முடிந்துவிட்டது. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

காரை முறைப்படி தூக்கிய பிறகு இன்னொரு சோதனை. கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டுங்கள். லூசாக இருந்தால் போல் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம், சக்கர பேரிங்காகவும் இருக்கலாம். இப்போது உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். லூஸ் மறைந்துவிட்டால் பேரிங். அப்படியே இருந்தால் போல் ஜாயிண்ட் பக்கம் பாருங்கள். 9, 3 இருக்கும் இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்டைச் சந்தேகிக்கலாம்.

இந்தச் சோதனைகளைப் பட்டறையில் உங்கள் கண்முன்னே செய்துகாட்டச் சொல்லலாம். “எது லூசாக இருக்கிறது, ஆட்டிக் காட்டுங்கள்” என்று கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார். பட்டியல் நீளமாக இருப்பதாலேயே அது பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 11 வயதுக் காரில் ரப்பர் எல்லாம் ஒரே காலத்தில் சாகும். ஆனால் எது இன்றே செய்ய வேண்டியது, எது அடுத்த மாதம் வரை பொறுக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு. பொறுக்காதது எது? போல் ஜாயிண்ட். அது கழன்றால் சக்கரம் காரின் அடியில் மடிந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் தாமானுக்குள் இருப்பீர்களா, நெடுஞ்சாலையில் இருப்பீர்களா என்பது யாருக்கும் தெரியாது. போல் ஜாயிண்ட் லூசாக இருக்கிறது என்று உறுதியானால் அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

காரைத் தூக்குவதுதான் பெரிய வேலை

தாயாரின் பயம் நியாயமானது. இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடியவை இரண்டே. ஒன்று ஜாக்கிலிருந்து நழுவும் கார். மற்றொன்று ஸ்பிரிங், அதைப் பிறகு பார்ப்போம்.

காரின் பின்னால் பூட்டில் இருக்கும் ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. தேவைப்படுவது சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக் ஒன்றும், இரும்பு ஸ்டாண்ட் இரண்டும். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. இந்த இரண்டையும் வாங்க மனம் வராதவர் இந்த வேலையை இன்றோடு மறந்துவிடலாம்.

நம் வரிசை வீடுகளின் போர்ச் பெரும்பாலும் சாக்கடை பக்கம் சரிந்திருக்கும். மேலே வழவழப்பான டைல்ஸ் வேறு. இரண்டுமே ஜாக்குக்கு எதிரி. சமதளமான சிமெண்டுத் தரை கிடைக்காவிட்டால் வேலையை அங்கே செய்யாதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கார் நிறுத்துமிடத்தில் இறங்குவதற்கு முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் கார் பழுதுபார்க்க அனுமதி இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மைவி, சாகா போன்றவை முன்சக்கரத்தால் ஓடும் கார்கள். கியரை ‘பி’-யில் போட்டால் பூட்டிக்கொள்வது முன்சக்கரங்கள்தான். ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நொடியிலேயே அந்தப் பூட்டுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பிறகு காரைப் பிடித்து வைத்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆகவே இரண்டு பின் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கைத் தொட வேண்டும்.

சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கை வையுங்கள். எஞ்சின் எண்ணெய்த் தொட்டியின் அடியில் வைத்தால் தொட்டி நசுங்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி செய்யுங்கள். கழற்றிய டயர்களைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். எது நழுவினாலும் கார் அந்த டயர்மேல்தான் உட்காரும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தனியாக இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் பூனையும் போர்ச் பக்கம் வராமல் கேட்டைச் சாத்தி வையுங்கள்.

முதல் வகை: ஸ்டெபிலைசர் லிங்க்

மகனுக்குத் தைரியமாகக் கொடுக்கக்கூடிய வேலை இது. ஒரு பக்கத்துக்கு இரண்டே நட்டுகள். முதல் நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரேயை நட்டுகளில் அடித்து வையுங்கள். மறுநாள் பாதி சண்டை குறையும்.

லிங்க்கை மாற்றும்போது இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே உயரத்தில் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் குறுக்கே ஓடும் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டைக் கழற்றினாலும் லிங்க் வெளியே வராது. கடப்பாரை போட்டு நெம்பத் தோன்றும். இரு பக்கமும் சமமாகத் தொங்கினால் கம்பி தளர்ந்துவிடும், பழைய லிங்க் கையோடு வரும்.

நட்டைத் திருப்பும்போது நடுவில் இருக்கும் ஆணியும் சேர்ந்து சுற்றும். அதற்காகவே பல லிங்க்குகளில் ஆணியின் முனையில் ஆறு மூலைத் துளை இருக்கும். அதில் எல்-வடிவ ஆலன் சாவியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். துளை துருவில் வழுக்கிவிட்டால் கோபப்படாமல் இரும்பு ரம்பத்தால் அறுத்து எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பழையதைத் தூக்கி எறியத்தானே போகிறோம்!

புதிய லிங்க்கைப் பூட்டும்போது பெட்டியில் வந்த புதிய நட்டையே பயன்படுத்துங்கள். தானாகத் தளராமல் இருக்கச் செய்த நட்டு அது. ஒரு முறை கழற்றியதற்கு அந்தப் பிடி குறைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். புதியவர் நிதானமாகச் செய்தால் அரை நாள் ஆகும். லிங்க் மட்டும் மாற்றியதற்கு அலைன்மெண்ட் தேவையில்லை. சத்தத்துக்கு அதுதான் காரணமாக இருந்தால், பட்டியலின் மிச்சத்தை அவசரமில்லாமல் யோசிக்கலாம்.

இரண்டாம் வகை: லோவர் ஆர்ம், போல் ஜாயிண்ட்

பல மாடல்களில் போல் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். சிலவற்றில் தனியாகக் கிடைக்கும். ஆர்மை மாற்றுவது புரிந்துகொள்ளக் கடினமான வேலை இல்லை. உடலோடு சேர்க்கும் போல்ட்டுகள், நக்கிளோடு சேர்க்கும் ஒரு மூட்டு, அவ்வளவுதான். ஆனால் பிழை நேர்ந்தால் சக்கரமே போகும் என்பதால் ஏற்கெனவே செய்து பழகிய மாமாவோ, அண்ணனோ, நண்பரோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

போல் ஜாயிண்ட்டின் ஆணி, கூம்பு வடிவத்தில் நக்கிளுக்குள் இறுகியிருந்தால், நட்டைக் கழற்றியும் அசையாது. ஆணியின் தலையில் சுத்தியால் அடிக்கக் கூடாது. நட்டைச் சில மரை விட்டுவைத்து, ஆணியைச் சுற்றியுள்ள நக்கிள் இரும்பின் பக்கவாட்டில் நன்றாக ஒரு தட்டு தட்டினால் விட்டுக்கொடுக்கும். அதற்கென்று விற்கும் பிரிப்பான் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆர்ம் கழன்றதும் நக்கிளை வெளிப்பக்கமாக இழுத்து ஆட்டாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட் உள்முனையில் கழன்று வந்துவிட்டால் அது வேறு ஒரு பெரிய செலவு.

இப்போது காணொளிகளில் அடிக்கடி விட்டுப்போகும் விஷயம். ஆர்மின் ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளைக் கார் தூக்கி நிற்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் அந்தச் சாய்வுக்குப் பூட்டிக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும், பிழிந்த துணி போல ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாளெல்லாம் நிற்கும். பல வருடம் வர வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழியும். சரியான முறை இதுதான்: போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் போடுங்கள். கார் ஸ்டாண்டில் நிற்கும்போதே ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கை வைத்து, கார் ஓடும்போது ஆர்ம் இருக்கும் உயரத்துக்குத் தூக்கி, அதன்பின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பட்டறையில் மாற்றக் கொடுத்தாலும், “புஷ் போல்ட்டை எடை இறக்கி இறுக்குவீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியே உங்களைப் பற்றி அவருக்குச் சொல்லிவிடும்.

போல் ஜாயிண்ட் நட்டில் குறுக்கே பின் குத்தும் வகையாக இருந்தால் புதிய பின்னைப் போட மறக்காதீர்கள். துளை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தாதீர்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் அடுத்த துளைக்கு வர வேண்டும்.

மூன்றாம் வகை: அப்சோர்பரும் ஸ்பிரிங்கும்

பானட்டைத் திறந்தால் தூணின் உச்சி தெரியும். வட்டமாகச் சில நட்டுகள், பல கார்களில் மூன்று. அவற்றின் நடுவில் பெரிதாக ஒன்று. அந்த நடு நட்டுதான் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. தம்பி, இந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: அந்த நடு நட்டை வீட்டில் தொடக் கூடாது.

ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரில், முன் மூலை ஒவ்வொன்றிலும் 300 கிலோ அளவுக்குச் சுமை இறங்கும். அதைத் தாங்கும் ஸ்பிரிங், தூணைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் அமுங்கிய நிலையில்தான் இருக்கும். அதை அமுக்காமல் நட்டைத் திருகினால் மவுண்டிங்கும் ஸ்பிரிங்கும் முகத்தை நோக்கிப் பாயும். மலிவாக விற்கும் இரண்டு கொக்கி அமுக்கிகளை வைத்தும் செய்யலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். ஒரு கொக்கி வழுக்கினாலும் விளைவு அதேதான். பட்டறையில் சுவரிலோ தரையிலோ பொருத்திய அமுக்கி இருக்கும். அது நம் வீட்டில் இல்லை; இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் ஒரு நடுவழி உண்டு. இரண்டாம் வகை வேலையைச் செய்து பழகியவர் தூணை முழுசாகக் கழற்றலாம். பிரேக் குழாயையும் ஏபிஎஸ் கம்பியையும் தூணோடு பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, லிங்க்கை விடுவித்து, நக்கிளின் இரண்டு போல்ட்டுகளையும் உச்சியின் வெளி நட்டுகளையும் கழற்றினால் தூண் அப்படியே வரும். நக்கிள் பிரேக் குழாயில் தொங்காதபடி அதைக் கயிற்றால் கட்டி வையுங்கள். இரண்டு தூண்களையும் புதிய அப்சோர்பர்களையும் இன்னொரு காரில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங் மாற்றுவதற்கு மட்டும் கூலி கொடுத்து வாங்கிவந்து வீட்டில் பூட்டுங்கள். அப்சோர்பரின் பளபளப்பான தண்டை யாரும் பிளையரால் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் விழும் ஒரு கீறல், எண்ணெய் சீலை அறுத்துவிடும். புதியது சீக்கிரமே வழியத் தொடங்கும்.

பொருள் வாங்கும்போது

உதிரிப்பாகக் கடைக்குப் போகும்போது காரின் கிராண்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ‘மைவி லோவர் ஆர்ம்’ என்று மட்டும் கேட்டால் போதாது. 2005-இல் வந்ததும், 2011-இல் ‘லாகி பெஸ்ட்’ என்று வந்ததும், 2017-இல் வந்ததும் வெவ்வேறு தலைமுறைகள். சேசிஸ் எண் இருந்தால் கடைக்காரர் சரியானதை எடுப்பார். முடிந்தால் பழைய பொருளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய அப்சோர்பரைத் துளையிட்டு, எண்ணெய் நிரப்பி, சாயம் அடித்து விற்பதும் சந்தையில் உண்டு. ‘ரீகான்’ என்பார்கள். விலை ஈர்க்கும். உள்ளே தேய்ந்த வால்வுக்கு வெளியே அடித்த சாயத்தால் என்ன பயன்? போல் ஜாயிண்ட்டிலும் அப்சோர்பரிலும் மலிவு தேட வேண்டாம். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல பொருளில் போடுங்கள். வாரண்டி இன்னும் முடியாத கார் என்றால் எதையும் கழற்றும் முன் சேவை மையத்தில் கேளுங்கள். அவர்கள் செலவில் முடியக்கூடிய வேலையாகவும் இருக்கலாம்.

முடிந்த பிறகு

சக்கர நட்டுகளை வட்டமாக வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாறி மாறி இறுக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களுக்கு இது 100 நியூட்டன் மீட்டர் அளவை ஒட்டியிருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல், காலால் ஏறி மிதித்து இறுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் மரை நீண்டு, ஒரு நாள் போல்ட் அறுந்துபோகும்.

ஆர்மையோ தூணையோ கழற்றியிருந்தால் அன்றைக்கோ மறுநாளோ அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். இரண்டு முன்சக்கரங்களும் பார்க்கும் திசை கொஞ்சம் மாறியிருந்தாலும் புதிய டயரின் விளிம்பைச் சாலை தின்றுவிடும். பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். தாமானுக்குள் மெதுவாக ஒரு சுற்று. ரேடியோவை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கி, காதைக் கொடுங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு கழற்றிய ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

வணிக வாகனங்களை புஸ்பாகோம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்கிறது. நம் சொந்தக் கார்களுக்கோ அப்படி வழக்கமான கட்டாயச் சோதனை இல்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் என்ன தேய்ந்திருக்கிறது என்பதை யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. அதனால் அம்மா, மகனை லிங்க்கிலிருந்து தொடங்க விடுங்கள். ஜாக்கும் ஸ்டாண்டும் வாங்க நீங்களே பாதிப் பணம் கொடுங்கள். முதல் நாள் நீங்களும் ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டுமே.

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முதல் நாள் இரவில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பொருள் பொருந்தாமல் போகும், கடை மூடியிருக்கும், ஒரு போல்ட் உடையும். பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன் முடித்துவிடுங்கள். அந்த 100 கிலோமீட்டரை வேலைக்கும் வீட்டுக்குமாக ஓட்டி, நட்டுகளை மறுபடி பார்த்து, அதன்பின் குடும்பத்தை ஏற்றுங்கள்.